பக்கவாதமும் மரபணுவும்: இளம் மருத்துவருக்குக் கடிதம்



மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பக்கவாதம் என்றே பெயர். காரணங்கள் பல என்பதால் ‘பக்கவாத மரபணு’ என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. நோயை வரவழைப்பது எது, மருந்தைத் தடுப்பது எது, வந்தபின் உயிர்பிழைப்பதில் பங்கு வகிப்பது எது என்று கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை மரபணுவால் வரும் பக்கவாதம் அபூர்வம். அதைக் கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் குடும்ப வரலாறு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாமல் 45 வயதில் பக்கவாதம் வந்தவரின் கேஸ் ஷீட்டில் ‘குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்று எழுதியிருக்கும். அம்மாவுக்குக் கண்முன் மின்னல் கோடுகளுடன் ஒற்றைத் தலைவலி வந்ததா, தாய்மாமன் ஐம்பதுகளிலேயே நடை தளர்ந்து மறதியில் விழுந்தாரா என்று ஒவ்வொருவராகக் கேட்டால் அந்த வரி மாறக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் டெம்போரல் மடலின் முன்நுனியும் வெண்திட்டாகத் தெரிந்தால் காடசில் என்ற ஒற்றை மரபணு நோயைச் சந்தேகிக்கலாம். அதற்குக் காரணமான நாட்ச்3 மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே பரிசோதனைக்கு முன்பே குடும்பத்தாரிடம் பேச வேண்டும்.

மற்றொரு ஒற்றை மரபணு நோயான அரிவாள் செல் ரத்தசோகையில் மரபணு அறிவு நேரடியாகத் தடுப்பாகிறது. இந்தியாவில் இந்நோய்க்கூறு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இந்நோயுள்ள குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் டாப்ளர் சோதனை காட்டும் ரத்த ஓட்ட வேகம் வினாடிக்கு 200 செ.மீ. எட்டினால் பக்கவாத ஆபத்து அதிகம். முறையாக ரத்தம் ஏற்றினால் அந்த ஆபத்து ஏறக்குறைய 90 சதவீதம் குறைவதை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பெரும்பாலான நோயாளிகளிடம் இருப்பவை ஒவ்வொன்றும் சிறிதளவே ஆபத்தைக் கூட்டும் பல மரபணு மாறுபாடுகள். 1,10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு இத்தகைய 89 மரபணு இடங்களைக் காட்டியது. இவற்றில் பல ரத்த அழுத்தம், ரத்த உறைவு, இதயத் துடிப்பு ஆகியவற்றின் வழியாகவே செயல்படுகின்றன. எனவே இங்கே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே முதல் சிகிச்சை. 2003இல் ஐஸ்லாந்தில் பெரிதாகப் பேசப்பட்ட பிடிஈ4டி மரபணு, பிற மக்களிடம் அதே உறுதியுடன் நிரூபணமாகவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டியது.

இரண்டாவது கேள்வி மருந்தைப் பற்றியது. மறுபடி பக்கவாதம் வராமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை கல்லீரலில் மாற்றமடைந்தபின்தான் வேலைசெய்யும். அதற்கான சிஒய்பி2சி19 நொதி பலவீனமாக இருப்போர் ஆசியர்களிடையே ஏராளம். சீனாவில் அத்தகையோரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 90 நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் குளோபிடோக்ரல் பிரிவில் 7.6 சதவீதம், மாற்று மருந்தான டிகாக்ரெலர் பிரிவில் 6 சதவீதம்.

மூன்றாவது கேள்வியான உயிர்பிழைப்பதைப் பற்றிய அறிவு இன்னும் மெலிது. மூளையின் புறப்பகுதியில் ரத்தம் கசியும்போது, அபோ-இ மரபணுவின் இ2 வகை உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டி பெரிதாவதும் இறப்பு கூடுவதும் பதிவாகியுள்ளன. பிறவற்றில் வயது, பாதிப்பின் அளவு, சிகிச்சை தொடங்கிய நேரம் ஆகியவை மரபணுவின் குரலை அமுக்கிவிடுகின்றன. கை விழுந்த நேரத்தையும் வார்டுக்கு வந்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் குறித்துவைத்தால் இன்றைய சிகிச்சை முடிவு சரியாக அமையும். வயது, நேரம் போன்றவற்றிலிருந்து மரபணுவின் பங்கைப் பிரித்தறிய நாளைய ஆய்வுக்கும் அதே குறிப்பு தேவை.