கணினியின் பூமியும் கண்மாயின் மடையும்

அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையே சுரங்கம் ஒன்று உண்டென்று சொல்லிக்கொள்ளாத பழைய ஊர் சிவகங்கைச் சீமையில் அரிது. மைல் கணக்கில் நிலத்தடியே ஓடும் அந்த வழியில் காற்று எப்படிப் புகுந்தது, ஊற்றுநீர் எங்கே வடிந்தது, தோண்டிய மண் எந்த இடத்தில் குவிந்தது என்று கேட்பவர் யாருமில்லை. கதைக்கு அந்தக் கேள்விகள் வேண்டுவதுமில்லை. ஆனால் அதே கேள்வியற்ற விசுவாசம் இந்நாளில் கணினித் திரையிலும் குடியேறியிருக்கிறது. ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் நிலத்தை ஒருமுறை வரைந்துவிட்டால், அதனூடே சுரங்கத்தைச் செலுத்தியதும் மண் தானாக விலகி வழிவிடும் என்று காரைக்குடிப் பக்கத்து இளம் பொறியாளர்களிற் பலரும் எண்ணுவதைக் காணும்போது, அந்த எண்ணத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

திரையில் தெரிவது மண்ணாலான பிண்டம் என்பதே முதற்பிரமை. ரெவிட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த ‘டோப்போசர்ஃபேஸ்’ என்னும் நிலவடிவம், அளந்தெடுத்த புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துப் பரப்பிய, கனமே இல்லாத ஒரு தோல். மேடுபள்ளங்களின்மேல் விரித்த போர்வை என்றாலும் பொருந்தும். வெட்டுத் தோற்றத்தில் அதன் கீழே மண்ணின் குறியீடு நிறைந்து தெரிகிறதே என்றால், அந்நிறைவு எத்தனை ஆழம்வரை காட்டப்பட வேண்டும் என்பதைக்கூட வரைபவரே ஓர் எண்ணாகக் கொடுத்துவிடலாம். அது தீட்டிய சித்திரமேயன்றி உள்ளே பொருள் ஏதுமில்லை. இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நிலத்தின் எந்த இடத்திலும் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் அது அந்தத் தோலை ஒரே ஒருமுறைதான் சந்திக்க முடியும். சுரங்கமோ மேலே நிலமட்டம், நடுவே கூரை, அடியில் தரை என ஒரே கோட்டில் மூன்று உயரங்களைக் கேட்கிறது. ஓர் இடத்துக்கு ஓர் உயரத்தை மட்டுமே அறிந்த வடிவத்திடம் மூன்றைக் கேட்டால் அது என்ன செய்யும்?

‘வாய்ட்’ எனப்படும் வெற்றுருவைக் கொண்டு துளைத்துவிடலாம் என்பார் உளர். அந்தத் தோலை வாய்ட் வெட்டாது. ‘பில்டிங் பேட்’ வெட்டுமே என்றால், அது மேலிருந்து ஆகாயம் தெரியத் தோண்டிய பள்ளத்தை உண்டாக்குமேயொழியக் குகையை உண்டாக்காது. ஆகவே அனுபவசாலிகள் சுரங்க வாயிலருகே நிலப்பரப்பைப் பிரித்து, அத்துண்டை நீக்கி, திறந்த விளிம்பைத் தாங்குசுவரால் மறைத்து, உள்ளிருக்கும் குழலைத் தனியுருவாக வரைந்து வைத்தார்கள். யுக்தி என்ற அளவில் அது பாராட்டத்தக்கதே; ஆனால் மண்கணக்கில் அது ஏமாற்றிவிடும். இரண்டு பரப்புகளுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தை வைத்தே மென்பொருள் வெட்டையும் நிரப்பையும் கணக்கிடுவதால், மேற்பரப்பு மாறாதவரை சுரங்கத்திலிருந்து வெளியேறும் மண் அக்கணக்கில் ஒரு கூடைகூட ஏறாது. உடைத்த பாறை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும் என்பதை லாரி வாடகை கொடுப்பவர் நன்கறிவார்.

2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டோப்போசாலிட்’ வந்தது. நிலம் மெய்யாகவே கனமுள்ள உருவாயிற்று. வெற்றுருவால் அதைக் குடையவும் முடிகிறது. அதனால் சங்கடம் தீர்ந்ததென்று மகிழ்பவர்களை நான் குறைகூறமாட்டேன். எனினும் அந்தக் கனம் வடிவத்தின் கனமே. செம்புறாங்கல் எத்தனை அடியில் முடிகிறது, ஊற்று எந்த மட்டத்தில் நிற்கிறது, மேலுள்ள மண்ணின் பாரம் கூரையை எவ்வளவு அழுத்தும் என்பவற்றில் எதையும் அது தானாக அறியாது. அவை துளையிட்டு மண்ணெடுத்துச் சோதிப்பவரும் அழுத்தங்களைக் கணக்கிடும் வேறு மென்பொருள்களும் சொல்ல வேண்டியவை.

உண்மையில் சுரங்கம் என்பது மட்டங்களின் விவகாரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலைக்கு இப்பால் கொணர, பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டு, 1895இல் திறக்கப்பட்ட ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தால் நமது மாவட்டத்தின் ஒரு பகுதியும் பயன்பெறுகிறது. பெரியாற்று அணையில் 104 அடிக்குக் கீழே நீர் தாழ்ந்தால் தமிழகத்துக்கு ஒரு துளியும் வாராது. அந்தச் சுரங்க வாயிலின் மட்டம் அப்படி. நம்மூர்க் கண்மாய்க் கரையைக் குடைந்து வயலுக்குச் செல்லும் மடையும் சிறிய அளவில் அதே இனத்தது. பாண்டிய நாட்டுக் குமிழித்தூம்புகளை அமைத்தவர்கள் கரைக்கு அடியில் கல்வழி வைத்தபோது நம்பியதும் நீர்மட்டத்தைத்தான்.

இங்கேதான் மிகப் பரவலான நம்பிக்கையொன்று கெடுதல் செய்கிறது: செயற்கைக்கோள் தரும் நிலத்தைக் கணினியில் இறக்கிக்கொண்டால் அளவை வேண்டியதில்லை என்பது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பிரசித்தமானது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. சுமார் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் பல மீட்டர் பிழை நேரலாம். மரத்தின் உச்சியும் வீட்டின் கூரையும் அதில் நிலமாகவே பதியும். மலைநாட்டுக்கு அது ஓரளவு உதவும். சில மீட்டர் அகலமே உள்ள கண்மாய்க் கரை அந்தப் புள்ளிகளுக்கிடையே நழுவிப்போகும். கருவேல மரங்கள் மேடாக எழும். நீர் ஓடவேண்டிய ஓரிரு அடிச் சரிவு பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.

ஆகையால் செட்டிநாட்டில் ஒரு மடையையோ பாலத்தடிப் பாதையையோ வரைய முற்படுபவர், முதலில் மட்டக்கருவியும் அளவுக்கோலுமாகக் கரைக்குச் சென்று, கரையுச்சி, உட்சரிவின் அடி, வெளிச்சரிவின் அடி, மடையின் உள்வாய், வெளிவாய் ஆகியவற்றை நிலையான ஒரு மட்டக்கல்லோடு தொடர்புபடுத்தி அளந்துவர வேண்டும். வாய்க்கால் சேரும் வயலின் மட்டத்தையும் விடலாகாது. அந்த எண்களைக் கொடுத்த பிறகு டோப்போசாலிட்டைக் குடைவதற்கு அரைமணி நேரம் போதும்.