சீன நகரத்தில் முதல் முப்பது நாள்

அரியலூரில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னரும், அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டாமலும் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்டுப்படியாகாமலும் சீனாவில் மருத்துவம் பயில எண்ணும் மாணவர்கள் தமிழகச் சிற்றூர்களில் இருக்கவே செய்கின்றனர். தா.பழூர் போன்றதோர் ஊரிலிருந்து புறப்படும் மாணவருக்குப் பாடத்தைவிட முன்னதாக இடறுவது அங்குள்ள காவல் நிலையப் பதிவும் தம் பெயரை எழுதும் முறையுமே ஆதலின், இக்கட்டுரை அவ்விரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் கூறுகிறது.

சேர்க்கைக்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றே. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கிலவழியில் அமைந்து, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிந்திருத்தல் வேண்டும். இதை எழுத்தில் உறுதிப்படுத்தாத கல்லூரிக்கு, முகவர் என்ன சொன்னாலும், முன்பணம் செலுத்தக் கூடாது.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத தமிழருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக நிற்க, கடவுச்சீட்டில் அது சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், சிலருக்கு இயற்பெயரோடு சேர்ந்தும், சிலருக்குக் கட்டமே வெறுமையாகவும் பதிவாகிறது. சீனாவிலோ சிம் அட்டை, வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் செயலி, ரயில் சீட்டு ஆகிய யாவும் உண்மைப் பெயர்ச் சரிபார்ப்பு முறையில் இயங்குகின்றன. ஓரிடத்தில் பதிந்த பெயர் இன்னோரிடத்தில் பதிந்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லையெனில் கணக்கு திறப்பதில்லை. ஆகவே கடவுச்சீட்டின் ஒளிப்படப் பக்கத்து அடியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளை (பொறி படிப்பதற்கென அமைந்தவை இவை) முன்மாதிரியாகக் கொண்டு, அதே வரிசையிலும் அதே இடைவெளியிலும் எங்கும் எழுதச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தில் பெயர் வேறாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் திருத்திக்கொள்வதே எளிது. பின்னர் திருத்துவது பெருந்தொல்லை.

எல்லாவற்றிலும் முதன்மையானது தங்குமிடப் பதிவு. 2013 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சீனக் குடிவரவுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஓட்டல் அல்லாத இடத்தில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அப்பகுதியின் ‘பாய்சூசுவோ’ எனப்படும் சிறு காவல் நிலையத்தில் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. தவறினால் எச்சரிக்கையோ, 2,000 யுவான் வரை அபராதமோ விதிக்கப்படலாம். ஓட்டலில் தங்கினால் அதன் ஊழியரே பதிந்துவிடுவர். பல்கலைக்கழக விடுதியாயின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் வழிகாட்டும். சிக்கல் எழுவது, விடுதி திறப்பதற்கு முன்பே சென்று சேர்ந்து சீனியர் ஒருவரின் அறையில் இரண்டு நாள் ஒதுங்குவோருக்குத்தான். ‘இரண்டு நாள்தானே’ என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தமிழ் வணிகர் சீனத்தில் வாழ்ந்த காலத்திலும் அனுமதி பெரிதாகவே மதிக்கப்பட்டது: சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, அங்கு எழுந்த சிவன் கோயில் மங்கோலிய ஆட்சியாளரின் ஆணைப்படி அமைந்ததைக் குறித்து வைத்துள்ளது.

வெளியே வீடு எடுப்போர் வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் அடையாள அட்டைப் படி, வீட்டு உரிமைப் பத்திரப் படி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, கட்டட எண்ணும் அறை எண்ணும் சீன எழுத்தில் தெளிவாக இருக்கும்படி செய்து எடுத்துச் செல்ல வேண்டும். இவற்றைத் தர உரிமையாளர் தயங்கினால் அவ்வீடு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

ஒருமுறை பதிந்துவிட்டால் போதும் என்று கருதுவது பரவலான பிழை. வீடு மாறினாலும் கடவுச்சீட்டு புதுப்பித்தாலும் மறுபதிவு வேண்டும். பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பினாலும் பல நகரங்களில் மறுபடியும் பதிய வேண்டும். புதிய கடவுச்சீட்டு எண்ணை உறைவிட அனுமதியில் பத்து நாள்களுக்குள் மாற்றவும் வேண்டும். பதிவுச் சீட்டின் படிகள் மூன்றைத் தனி உறையில் வைத்திருப்பதே முறை.

உறைவிட அனுமதி என்பது நீண்டகாலப் படிப்பு விசாவை நாட்டுக்குள் நெடுநாள் தங்கும் உரிமையாக மாற்றித் தரும் ஆவணம். நாட்டுக்குள் நுழைந்த 30 நாள்களுக்குள் இதற்கு விண்ணப்பித்தாக வேண்டும். மேற்சொன்ன பதிவுச் சீட்டு இல்லாமல் இவ்விண்ணப்பம் நகராது. மருத்துவப் பரிசோதனைச் சான்றும் தேவைப்படும் என்பதால் முதல் வாரத்திலேயே, வெறும் வயிற்றோடு, அதற்குப் போய்விடுவது நல்லது. பரிசீலனைக்குச் சட்டம் 15 நாள் வரை தருகிறது; அதுவரை கடவுச்சீட்டு, விண்ணப்பம் பெற்ற அலுவலகத்திலேயே இருப்பதால், ஒப்புகைச் சீட்டை உடன் வைத்துக்கொண்டு வெளியூர்ப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். அனுமதியின்றிப் பகுதிநேர வேலை பார்ப்பதும் குற்றமே. அபராதம் 5,000 யுவானில் தொடங்கி 20,000 வரை உயரலாம்.

பணத்துக்கு யுபிஐ அங்கே பயன்படாது. புறப்படுமுன் பன்னாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட வீசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை ஒன்றைப் பெற்று, சென்றதும் அலிபே செயலியில் இணைத்தால் தேநீர்க் கடை முதல் மெட்ரோ வரை நடக்கும். வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானைத் தாண்டும் ஒவ்வொரு செலுத்தலிலும் கூடுதல் கட்டணம் பிடிக்கப்படுவதால், பெரிய தொகைகளுக்கு உள்ளூர் வங்கிக் கணக்கே சிக்கனம்.

வீட்டாரோடு பேசுவதில் இருபுறமும் தடை உண்டு. வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை சீனாவில் முடக்கப்பட்டுள்ளன. அங்கு அனைவரும் பயன்படுத்தும் வீசாட் 2020 ஜூன் முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. இந்திய எண்ணில் ரோமிங் இயக்கினால் இணையம் தாய்நாட்டு வலையமைப்பு வழியாகவே செல்வதால் வாட்ஸ்அப் இயங்கும். செலவு மிகுதி என்பதால் வாரம் ஒரு முறை என நேரம் குறித்துக்கொள்வது பொருந்தும். சீன நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகையால் ஊரில் இரவு எட்டு மணிக்கு அழைத்தால் அங்கு பத்தரை ஆகியிருக்கும்.

பெட்டியில் நெய், பழம், விதை, இறைச்சி எதையும் வைக்கக் கூடாது. சுங்கத்தில் பறிமுதல் ஆகும். காவலுக்கு 110, ஆம்புலன்சுக்கு 120. குடிவரவுச் சந்தேகங்களுக்கு ஆங்கிலத்திலும் விடையளிக்கும் 12367. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார்ச் சான்று பெற்று, அதன் பின்னரே பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகத்தையோ, ஷாங்காய், குவாங்சௌ துணைத் தூதரகங்களில் தம் மாகாணத்துக்கு உரியதையோ அணுக வேண்டும்.