மறுதரப்பைக் கேட்கும் முன்



மதீனாவில் அன்சாரி ஒருவரின் வீட்டில் கவசம் ஒன்று களவு போனது. திருடியவன் முஸ்லிம்களில் ஒருவனாக இருந்தவன். மாட்டிக்கொள்வோம் என்றதும் அதை ஒரு யூதரின் வீட்டில் சேர்த்துவிட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து, தங்கள் ஆள் நிரபராதி என்று நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். பொருள் கிடைத்ததோ யூதரின் வீட்டில்! அந்த நேரத்தில் இறங்கியவைதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனமும் அதைத் தொடர்ந்து வருபவையும் என்று விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று வஹீ வந்தது. யூதர் மீதான பழி நீங்கியது.

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரண்டாமவரின் பேச்சைக் கேட்காமல் முதலாமவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூதாவூத், திர்மிதி நூல்களில் காண்கிறோம்.

இன்று வஹீ வராது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உங்களாலும் என்னாலும் எல்லா ஊருக்கும் போய் விசாரிக்க முடியுமா? நமக்காக யாரோ ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். அவர்தான் பத்திரிகையாளர்.

கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன் அப்படித்தான் புறப்பட்டார். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகக் கூறப்பட்ட தலித் இளம்பெண் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2020 அக்டோபர் 5 அன்று வழியிலேயே, மதுரா அருகே கைது செய்யப்பட்டார். வாடகைக் காரை ஓட்டி வந்தவரையும் விடவில்லை. அவர்கள் மீது உபா சட்டம் பாய்ந்தது. அதன் 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே ஜாமீன் மறுக்கலாம். அதாவது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வரும் முன்பே வருடங்கள் கரைந்துவிடும். அவருடைய தாயார் 2021 ஜூனில் மவுத்தானபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 9 அன்று ஜாமீன் வழங்கியது; பணமோசடி வழக்கு ஒன்றும் இருந்ததால், 2023 பிப்ரவரி 2 அன்றுதான் வெளியே வந்தார். இரண்டு வருடம், நான்கு மாதம். அதுவரை எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்கவில்லை.

இதைக் கேட்டால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர் நம்மவர் என்பதால் கொதிக்கிறதா, விசாரணையின்றி ஒரு மனிதர் அடைக்கப்பட்டதால் கொதிக்கிறதா? என்னிடமே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கவசத் திருட்டில் அந்தக் குலத்தாருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்தது, தங்கள் ஆளுக்காக!

ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் நேரத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு முகம் வந்துவிடுகிறது. "இவன்தான் திருடன், அனைவருக்கும் பகிரவும்." முகத்தில் தாடி இருந்தால் தயங்குகிறோம், நெற்றியில் வேறு அடையாளம் இருந்தால் விரல் தானாகப் போகிறது. அந்த முகத்துக்கு உரியவர் தன் தரப்பை யாரிடம் சொல்வார்? இன்று உங்கள் போனில் அப்படி ஒன்று இருந்தால், அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பாய், நீங்கள் பார்த்தீர்களா?"