அந்த ஃபோல்டர் யார் வீட்டில் இருந்தது?

2022 ஏப்ரல் 21, வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு எழப் போன நேரத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். “ஏனுங்ணா, அந்தக் குழந்தைங்க ஸ்டைல் ஃபோல்டர் ஓப்பனே ஆக மாட்டேங்குதுங்ணா.” பிரவுசர் கேஷை அழித்துவிட்டு மறுபடி பார் என்றேன். பத்து நிமிடம் கழித்து, “இன்னும் வரலைங்ணா” என்றான். பர்மிஷன் கோளாறாக இருக்கும், சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். சாயங்காலம் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டிய ஒரு அளவுத் தாள் வேறு யாரிடமோ கிடைத்துவிட்டதால் அவனும் மறுபடி கேட்கவில்லை.

அன்று அவன் அனுப்பிய லிங்க்கை நான் ஒரு முறை உற்றுப் பார்த்திருந்தால், ஒரே ஒரு கட்டளையில் நான்கு சீசன் வேலையை மீட்டிருப்பேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொருவரும்தான். உங்கள் நிறுவனத்திலும் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நாம், ஷேர்பாயிண்ட் நின்றாலும் நாம். 2020 ஊரடங்கில் சர்வர் அலுவலகத்துக்குள் பூட்டிக் கிடக்க, மெர்ச்சண்டைசர்கள் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஃபைல் சர்வரை விட்டு ஷேர்பாயிண்டுக்குப் போகலாம் என்று முதலாளியிடம் போராடியவன் நான்தான். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஒரே அளவுத் தாளின் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’ என்ற மூன்று பிரதிகளில் எது நிஜம் என்று தெரியாமல் தவறான அளவில் வெட்டிய துணியை நான் பார்த்திருக்கிறேன். அந்த அவலம் அதோடு ஒழிந்தது.

அதற்காகவே இன்னொரு கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தேன்: உள்ளுக்குள் யாரும் மெயிலில் கோப்பை இணைத்து அனுப்பக் கூடாது, லிங்க் மட்டும்தான் அனுப்ப வேண்டும். நல்ல விதி, இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முன்பெல்லாம் ஒரு கோப்பு தொலைந்தால் பத்துப் பேருடைய இன்பாக்ஸில் எங்காவது ஒரு நகல் கிடக்கும். லிங்க் மட்டும் சுற்றும் அலுவலகத்தில் கோப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் போனால் எல்லாம் போயிற்று.

எங்களிடம் ஒரு மூத்த மெர்ச்சண்டைசர் இருந்தார். ஐரோப்பிய பையர் ஒருவரின் குழந்தைகள் உடுப்பு முழுவதும் அவர் பொறுப்பு. சாயச் சாம்பிளுக்கு வந்த ஒப்புதல்கள், ஃபிட் கமெண்ட்ஸ், அளவு விளக்கப்படம், காஸ்டிங் ஷீட் என ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு ஃபோல்டர். அத்தனை சுத்தமாக ஆவணம் வைத்தவர் எங்கள் நிறுவனத்தில் வேறு யாரும் இல்லை. ஊரடங்கின் முதல் வாரங்களில் டீம் சைட் இன்னும் தயாராகாததால், தன் ஒன்டிரைவில் அந்த ஃபோல்டரைத் திறந்து ஒன்பது பேருக்குப் பகிர்ந்தார். டீம் சைட் தயாரான பிறகு அதை நகர்த்தச் சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை. பகிரப்பட்ட ஃபோல்டர் திறக்கிறது, எழுத முடிகிறது, தேடினால் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு அது தனி ஆளின் இடமா, நிறுவனத்தின் இடமா என்று எந்த வித்தியாசமும் தெரியாது.

வித்தியாசம் முகவரியில் மட்டும் தெரியும். டீம் சைட்டின் முகவரி நிறுவனப் பெயருக்குப் பின் நேராக ‘ஷேர்பாயிண்ட்’ என்று போகும். தனி ஆளின் ஒன்டிரைவ் என்றால் நிறுவனப் பெயரோடு ‘மை’ ஒட்டியிருக்கும். அடுத்து ‘பெர்சனல்’ என்று வந்து, அந்த ஆளின் மெயில் முகவரி அடிக்கோடுகளோடு நிற்கும். பகிர்வது வாடகைக்கு விடுவது மாதிரி. வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் 2022 ஜனவரி 31 அன்று விலகி பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போனார். கை மாற்றிக் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் லிங்க் போட்டு வரிசையாக எழுதியிருந்தார். அந்தத் தாளில் கணினிப் பிரிவு சார்பில் கையெழுத்துப் போட்டவன் நான். லேப்டாப் வந்ததா, சார்ஜர் வந்ததா என்று பார்த்தேன். லிங்க்குகளில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 3. புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே லைசென்ஸ் வேண்டும், புதிதாக வாங்கப் பணமில்லை, போனவருடையதை எடுத்துக் கொடு என்று ஹெச்.ஆரிலிருந்து மூன்று முறை அழைப்பு. லைசென்ஸை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்கை வைத்திருக்கலாம். நான் கணக்கையே நீக்கினேன், பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று.

அதற்குப் பிறகு நடப்பதை நாள் கணக்கோடு சொல்கிறேன். பயனர் கணக்கை நீக்கியதும் ஒன்டிரைவ் உடனே அழியாது. நாம் அமைப்பை மாற்றாவிட்டால் 30 நாள் அப்படியே இருக்கும். அந்த 30 நாளும் ஏற்கெனவே பகிரப்பட்டவர்களுக்கு ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கும். ஆபத்தே அதில்தான். கணக்கை நீக்கிய அன்றே கதவு அடைபட்டிருந்தால் ஒன்பது பேரும் அன்றே என்னைப் பிடித்திருப்பார்கள். அப்படி நடக்கவில்லை, நான்கு வாரம் எல்லோரும் நிம்மதியாக வேலை செய்தார்கள். மார்ச் 5 அன்று அது குப்பைத் தொட்டிக்குப் போனது. அங்கே 93 நாள் இருக்கும். அந்த நாட்களில் பயனர்கள் யாராலும் அதைப் பார்க்க முடியாது. ஆனால் நிர்வாகி பவர்ஷெல்லில் நீக்கப்பட்ட சைட்டுகளின் பட்டியலை எடுத்து மீட்டுவிடலாம். ஏப்ரல் 21 அன்று அந்தத் தம்பி கூப்பிட்டபோது ஃபோல்டர் அங்கேதான் முழுசாக இருந்தது. ஜூன் 6 அன்று அந்தக் காலமும் முடிந்தது. அதற்கு மேலும் 14 நாள் மைக்ரோசாஃப்டின் காப்பு நகல் இருக்கும், ஆதரவுப் பிரிவிடம் கேட்டால் மீட்டுத் தருவார்கள். ஜூன் 20 வரை.

ஜூன் 27 அன்று அதே பையரிடமிருந்து ரிப்பீட் ஆர்டர் வந்தது. முந்தைய ஒப்புதலின்படியே செய்யுங்கள் என்று மெயிலில் ஒற்றை வரி.

ஒரு வாரம். அந்த ஏழு நாளை நான் எத்தனை இரவு எண்ணியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

பவர்ஷெல்லில் பட்டியல் வெறுமையாக வந்தது. ஆதரவுப் பிரிவில் கோரிக்கை பதிந்தேன். காலம் கடந்துவிட்டது என்று தெளிவாகப் பதில் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, விதி எல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டதுதான். பையரிடமே கெஞ்சி, நாம் அவர்களுக்கு இணைத்து அனுப்பிய பழைய கோப்புகளைத் திரும்ப வாங்கினோம். நம்முடைய ஆவணத்தை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குவது எப்படிப்பட்ட தலைகுனிவு என்பது ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். அதில் காஸ்டிங் கிடையாது, அதை யாரும் பையருக்கு அனுப்ப மாட்டார்கள். இரண்டு நிறங்களுக்குச் சாயச் சாம்பிளை மறுபடி போட்டு ஒப்புதல் வாங்கினோம். போன நாட்களை ஈடுகட்ட, சரக்கில் ஒரு பகுதியை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று.

கூட்டத்தில் ‘ஐ.டி. செய்த தவறு’ என்று பதிவானது. என் பங்கை நான் மேலே மறைக்காமல் எழுதிவிட்டேன். மற்றவர்களின் பங்கையும் எழுத எனக்கு உரிமை உண்டு. 2021இல் வேறொரு இடத்தில் தனி பேக்கப் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். லைசென்ஸ் விற்ற உள்ளூர் ஏஜென்ட் எங்கள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, “கிளவுடுல போட்டாச்சுங்க சார், இனி பேக்கப் எதுக்குங்க” என்றார். நான்கு வருடமாக உள்ளே வேலை செய்பவனின் தாளை ஓரம் தள்ளிவிட்டு அந்த வாக்கியத்தை நம்பினார்கள். வட்டு பழுதானால் மைக்ரோசாஃப்ட்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாமே கொடுத்த நீக்கல் கட்டளைக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? சம்பவத்துக்குப் பிறகு மூன்றே நாளில் பேக்கப்புக்குப் பணம் வந்தது.

இன்னொன்று, அந்த ‘மேனேஜர்’ கட்டம். பயனர் விவரப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் மேல் அதிகாரி யார் என்று நிரப்ப ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்பியிருந்தால், கணக்கை நீக்கியதும் அந்த ஒன்டிரைவைத் திறக்கும் உரிமை மேல் அதிகாரிக்குத் தானாகவே போகும், மெயிலும் போகும்; காலம் முடிய ஏழு நாள் இருக்கும்போது நினைவூட்டலும் போகும். எங்களிடம் ஒருவருக்குக்கூட அது நிரப்பப்படவில்லை. யார் யாருக்குக் கீழே என்ற பட்டியலை ஹெச்.ஆரிடம் நான் இரண்டு முறை கேட்டும் வரவில்லை. அதற்காக அந்த வேலையைக் கிடப்பில் போட்டது என் தவறு. நீங்கள் பட்டியலுக்குக் காத்திருக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை இன்றே நிரப்புங்கள், தவறாக இருந்தால் அவர்களே ஓடிவந்து திருத்துவார்கள்.

இப்போது யாராவது விலகினால் முதல் நாள் உள்நுழைவை மட்டும் தடுக்கிறேன். மெயில்பாக்ஸை ‘ஷேர்டு’ ஆக மாற்றினால் 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கலாம், ஆனால் கணக்கு நீக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒன்டிரைவை வைத்திருக்கும் காலத்தை 30 நாளிலிருந்து 365 ஆக்கியிருக்கிறேன். 3650 வரை போகலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2025 ஜனவரி 27 முதல், லைசென்ஸ் இல்லாமல் 93 நாளைத் தாண்டிய ஒன்டிரைவ் ஆர்க்கைவுக்குப் போய்விடுகிறது, திறக்கப் பணம் கட்ட வேண்டும். ஆகவே கோப்புகளை ஆள் இருக்கும்போதே டீம் சைட்டுக்கு நகர்த்துவதுதான் ஒரே வழி. அதற்கு ‘மூவ்’ செய்யுங்கள், ‘காப்பி’ வேண்டாம். மூவ் செய்தால் பழைய பதிப்புகளும் கூடவே வரும். நகர்த்திய பின் யாருக்கெல்லாம் பர்மிஷன் என்பது புதிய இடத்தின்படி மாறும். அதைச் சரிபார்க்கவும் அந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அவரை என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கை மாற்றுத் தாளின் ஒவ்வொரு லிங்க்கையும் என் திரையில் திறக்கிறேன். ‘பெர்சனல்’ என்று ஒன்று வந்தாலும் அன்று அவருக்குக் கையெழுத்து இல்லை. இதனால் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. கடைசி நாள் சம்பளம் தாமதமாகிறது என்று ஹெச்.ஆர். முறையிட்டது. நான் மாற்றப் போவதில்லை.

மற்றவை எல்லாம் சில்லறைத் தொல்லைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லைப்ரரியில் 5000 உருப்படிகளைத் தாண்டினால் சில வியூக்கள் மக்கர் செய்யும். முன்கூட்டியே இண்டெக்ஸ் போடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தோண்டாதீர்கள், முழுப் பாதைக்கு 400 எழுத்துதான் எல்லை. ஸ்டைல் எண்ணைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள், கோப்புப் பெயரில் சாய்கோடு ஏறாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுத முடியவில்லை என்று புகார் வந்தால் அது பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக்கினால் தீரும். லேப்டாப்பில் இடமில்லை என்று சின்க் ஃபோல்டரில் டெலீட் அடித்தால் எல்லோருக்கும் போய்விடும். ‘இடத்தை விடுவி’ என்ற கட்டளை வேறு, டெலீட் வேறு என்பதைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே காட்டுங்கள்.

விலகிப் போன அந்த மெர்ச்சண்டைசருக்கு விஷயம் தெரிந்ததும் பெங்களூரிலிருந்து தானாகவே கூப்பிட்டார். அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. ஒரு ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம், எந்த ஸ்டைலில் கழுத்து ரிப்பின் அகலத்தைக் குறைத்தார்கள், எந்த நிறம் மூன்றாவது தடவையில்தான் பாஸானது என்று நினைவிலிருந்து சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். “அந்த ஃபோல்டரை நானே மாத்திட்டுப் போயிருக்கணுங்க” என்று அவர் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. இல்லைங்க, சொல்ல வேண்டியவன் நான் என்றேன்.

இரண்டாம் சீசனின் ஃபிட் கமெண்ட்ஸ் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. பையரிடமும் இல்லை, அவர் நினைவிலும் இல்லை. டீம் சைட்டில் அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் அதை நீக்கிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்பேன். கிடைத்தால் போட இடம் வேண்டும்.