ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் ஆஃப் ஆகிவிடுமா?

மயிலாப்பூர் டி.டி.பி. கடையானாலும் தி. நகர் பில்லிங் கவுன்ட்டரானாலும், பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போனால் இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடிவதில்லை: "நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் சார். உள்ளே எல்லாமே ஆஃப் ஆகி ஆன் ஆயிடுச்சு. அப்பவும் நெட்வொர்க் வரலை. கார்டு போச்சு!"

யார் சொன்னது? ரீஸ்டார்ட் கொடுத்தபோது அந்தக் கார்டுக்கு ஒரு கணம்கூட மின்சாரம் நிற்கவில்லை. எல்லாம் ஆஃப் ஆகிவிட்டதென்று நம்பி நல்ல கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுசு வாங்க ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார்கள்.

ரீசெட் வேறு, மின்சாரம் நிற்பது வேறு என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: இன்டெலின் 80286 பிராசஸர் 1982இல் வந்தது. அது, ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள மெமரியை எட்டும் ப்ரொடெக்டட் மோடுக்குப் போனால், பழைய ரியல் மோடுக்குத் திரும்பக் கட்டளையே கிடையாது, ரீசெட்தான் வழி. 1984இல் பிசி ஏடியைக் கொண்டுவந்த ஐ.பி.எம்., அந்த வேலையைக் கீபோர்டு கன்ட்ரோலரிடம் ஒப்படைத்தது. ஹெக்ஸ் 64 போர்ட்டில் எஃப்.இ. என்று எழுதினால் 8042 சிப் பிராசஸரின் ரீசெட் இணைப்பைத் தட்டும். பிராசஸர் மட்டும் ரீசெட் ஆகும். ஸ்லாட்டில் இருக்கும் கார்டுகளுக்குத் தகவலே போகாது. ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள மெமரிக்கு டேட்டாவை நகர்த்திவிட்டுத் திரும்ப ஏடியின் பயாஸே இப்படித்தான் செய்தது. பேட்டரியில் ஓடும் சிமாஸ் மெமரியில் முன்கூட்டியே ஒரு குறிப்பை எழுதிவைத்து, ரீசெட் ஆனதும் அதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லாம் அழிந்திருந்தால் எங்கிருந்து தொடர்வது? ராமில் இருந்தது அப்படியே இருந்தது.

கேபினெட்டில் இருக்கும் ரீசெட் பட்டன் இதைவிட மேல். அது ஸ்லாட்டுகளையும் சேர்த்து ரீசெட் செய்யும். பின்னாளில் வந்த சிப்செட்டுகளில் சாஃப்ட்வேரும் அதைச் செய்ய முடிந்தது. ஆனாலும் மின்சாரம் நிற்பது வேறு விஷயம். ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில் ஷட்டௌன் செய்த பிறகும் 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். சந்தேகமென்றால் பின்பக்கம் குனிந்து பாருங்கள்: பல கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஷட்டௌன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். கார்டைக் குறை சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

இதுபோல இன்னும் சில நம்பிக்கைகள் உண்டு. சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் அழியுமா? அழியாது. தேதியும் செட்டப்பும்தான் போகும். ரீஸ்டார்ட்டில் வைரஸ் ஓடிவிடுமா? டிஸ்க்கில் இருப்பது எங்கே ஓடும்? 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் பயாஸ் சிப்பையே அழித்தபோது, ரீஸ்டார்ட் செய்யக்கூட வழியில்லாமல் போனது.

"பழசுதானே, தூக்கிப் போடுங்க" என்பவர்களிடம்தான் எனக்குக் கோபமே. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருபது வருஷத்துத் தமிழ் இருக்கிறது: கோவில் மலர்கள், சபா அழைப்பிதழ்கள், சிறுபத்திரிகைகள். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று தரம் வகுக்கும்வரை ஆளுக்கொரு என்கோடிங். அதன் பிறகும் பலர் பழைய எழுத்துருவை விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலை மட்டும் எடுத்துப்போனால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும். கம்ப்யூட்டர் ஓடும்போதே ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள், யூனிகோடுக்கு மாற்றுங்கள். எடைக்குப் போடுவதை அப்புறம் யோசிக்கலாம்.