குளிர்நாட்டு மலைச்செடிகளுக்கான கற்பாறைத் தோட்டம்

நெற்பயிருக்கு வயலில் நிற்கும் நீர் உயிராகும். அதே நீர் வேரடியில் தேங்கி நின்றால் அழுகி அழியும் செடிகளும் உள. ஐரோப்பாவின் அல்ப்ஸ், பிரனீஸ் முதலிய மலைகளில், மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, பாறை இடுக்குகளிலும் உடைகற் சரிவுகளிலும் வளரும் சிறு செடிகள் அவ்வகையின. அவற்றைத் தாழ்நிலத்தில் வளர்க்கும் பொருட்டுப் பிரித்தானியா போன்ற குளிர்நாடுகளில் அமைக்கப்படுவதே கற்பாறைத் தோட்டம். இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவில் 1882ஆம் ஆண்டில் இத்தகைய தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. இதனை அமைக்கும் முறையில், மலைச்சரிவில் மரக்கறி பயிரிடும் கமக்காரருக்கும் பயன்படத்தக்க விடயங்கள் சில உண்டு.

செடிகளின் இயல்பு

இச்செடிகள் தம் சொந்த மலையில் மாரிகாலம் முழுவதும் வெண்பனியால் மூடப்பட்டிருக்கும். அப்போர்வையின் கீழ்க் கடுங்குளிரோ உலர்காற்றோ அவற்றை அணுகாது. வெண்பனி உருகும்போது நீர் கற்களினூடே ஓடிவிடுமேயன்றித் தேங்காது. வேர்கள் அந்நீரைத் தேடி ஆழமாகச் செல்லும். இலைத்தொகுதியோ மெத்தைபோல நிலத்தோடு படிந்திருக்கும்.

தாழ்நிலத்தில் நிலைமை வேறு. அங்கே வெண்பனிப் போர்வை நிலைப்பதில்லை. மாரிமழை மண்ணை ஓயாது நனைக்கும். ஈரமண் இரவில் உறைந்து பகலில் இளகும். செடி மாண்டால் குளிரே காரணம் எனப் புதிதாகத் தோட்டம் அமைப்போர் கருதுவர். பெரும்பாலும் காரணம் ஈரமே. மயிரடர்ந்த இலைகளையுடைய செடிகளுக்கு மேல் மாரியில் ஒரு கண்ணாடித் தட்டைக் கூரையாக வைத்து, பக்கங்களைத் திறந்தே விடுவது அந்நாட்டு வழக்கம். குளிர்காற்று தடையின்றி வீசியும் செடி பிழைக்கின்றது. மழை விழாமையே அதனைக் காக்கின்றது.

இடம் தெரிதல்

வெயில் நன்கு படும் திறந்த இடம் வேண்டும். மரநிழல் ஆகாது, மரத்திலிருந்து சொட்டும் நீரும் உதிரும் இலையும் செடிகளை அழுகச் செய்யும். சிறு சரிவு மிகவும் உகந்தது. கிழங்கு வேருள்ள களைகளை வேலை தொடங்குமுன்னரே முற்றாக அகற்றுதல் வேண்டும். கற்களை வைத்தபின் அவற்றின் அடியிற் புகுந்த களையைக் கல்லைப் பெயர்க்காமல் எடுத்தல் இயலாது.

அடித்தளமும் மண்ணும்

நிலத்தில் 6 அங்குல உயரத்துக்கு உடைகல் அல்லது செங்கல் துண்டுகளைப் பரப்புதல் வேண்டும். அதன்மேல் புற்றரையை வெட்டியெடுத்துத் தலைகீழாக அடுக்கினால், மேல்மண் இறங்கி வடிகாலை அடைக்காது. அதற்கு மேல் இடவேண்டிய மண்கலவை: நல்ல தோட்டமண் 1 பங்கு, இலையுக்கல் 1 பங்கு, பருமணல் அல்லது சிறுசரளை 1 பங்கு. செழிப்பான பசளை இடுதல் கூடாது. பசளையால் மென்மையாகக் கொழுத்து வளர்ந்த செடி அடுத்த மாரியைத் தாங்காது.

கற்களை வைத்தல்

ஒரே வகைக் கல்லைப் பயன்படுத்துதல் நன்று. கியூ தோட்டத்தில் முதலில் வைக்கப்பட்ட சுண்ணக்கற்கள் பின்னர் நீக்கப்பட்டு, ஈரத்தைச் சற்றுப் பிடித்துவைக்கும் மணற்கற்கள் இடப்பட்டன.

மிகப் பெரிய கல்லை முதலில் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் மூன்றிலொரு பங்காவது மண்ணுள் புதைந்திருத்தல் அவசியம். கல்லின் மேற்பரப்பு பின்புறமாக, அதாவது சரிவின் உட்புறமாகச் சாய்ந்திருந்தால், மழைநீர் பின்னோடி வேரைச் சேரும். முன்புறம் சாய்ந்தால் நீர் மண்ணை அரித்துச் செல்லும். கல்லின் படைகள் யாவும் ஒரே திசையில் அமைதல் வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடமின்றி மண்ணை இடித்து இறுக்குதல் வேண்டும். ஒருவர் ஏறி நின்றாலும் கல் அசையலாகாது.

மலைச்செடிகளைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர் ஆங்கிலேயரான ரெஜினோல்ட் ஃபாரர். 1908இல் இலங்கையைப் பற்றியும் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கற்களை முனை மேலாகக் குத்தி நிறுத்தும் வழக்கத்தை அவர் கடுமையாக எள்ளினார். அவ்வமைப்பு கண்ணுக்கு ஒவ்வாததோடு வேருக்கும் உதவாது.

நடுகையும் பராமரிப்பும்

மண் படிவதற்குச் சில வாரங்கள் விட்டு, பங்குனி, சித்திரை மாதங்களில் நடுதல் நன்று. தொடக்கத்தில் எளிதில் வளரும் ஓப்ரீசியா, செம்பர்விவம், சாக்சிபிராகா ஆகியவற்றைத் தெரிதல் வேண்டும். சாக்சிபிராகா என்னும் பெயருக்குக் கல்லுடைப்பான் என்பது பொருள். கல்லிடுக்கில் நிற்க வேண்டிய செடியைக் கற்களை அடுக்கும்போதே வைத்தல் எளிது. நட்டபின் செடியின் கழுத்தைச் சுற்றி 1 அங்குலத் தடிப்பில் சரளை பரப்பினால் கழுத்து உலர்ந்திருக்கும், களையும் குறையும். உறைபனியால் மேலெழும்பிய செடிகளை மீண்டும் அழுத்திவிடுதலும், உதிர்ந்த இலைகளை அகற்றுதலும், நத்தைகளை ஒழித்தலும் ஆண்டுதோறும் செய்யவேண்டியன.

மலைநாட்டுக் கமக்காரருக்கு

நுவரெலியா மாவட்டத்தின் உயர்நிலங்களில் தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. ஆயினும் சரிவுத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் பெருங்கேடு விளைப்பது மழைநீரே. அது ஓரிடத்தில் தேங்கி வேரை அழுகச் செய்யும். மற்றோரிடத்தில் ஓடி மேல்மண்ணைக் கொண்டுசெல்லும். இக்கேட்டைத் தடுக்கவே 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

கற்கட்டு அமைப்போர் மேற்கூறிய விதிகளைக் கைக்கொள்ளலாம். பெருங்கல் அடியில் புதைதல் வேண்டும். கட்டு சரிவின் உட்புறமாகச் சாய்தல் வேண்டும். அதன் பின்னால் உடைகல் இட்டு நீருக்கு வழிவிடுதல் வேண்டும். வழியில்லையெனில் தேங்கிய நீரின் பாரமே கட்டைத் தள்ளிவிடும். பசளை விடயத்தில் மட்டும் மலைச்செடிகளைப் பின்பற்றலாகாது. உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் ஆகியவற்றுக்குப் பசளை இன்றியமையாதது. ஆனால் வடிகாலற்ற பாத்தியில் இட்ட பசளை பயிருக்குச் சேராது. ஆதலின் விதைக்கும் பசளைக்கும் பணம் செலவிடுமுன், பெய்த மழை நிலத்தில் எங்கே நிற்கின்றது, எவ்வழியாகச் செல்கின்றது என்பதை நேரில் கண்டறிதல் கமக்காரரின் முதற் கடமையாகும்.