பனியன் கம்பெனிக்கு ஈஆர்பி மென்பொருள் பார்க்க வரும் தம்பி தங்கச்சிகளுக்கு

1. முதல் வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதீர்கள். நூல் நிட்டிங்குக்குப் போய், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நகர்வதைக் கூடவே போய்ப் பாருங்கள். இதில் பல வேலை ஜாப் ஒர்க்காக வெளியே நடக்கிறது. திருப்பூரில் ஈஆர்பியின் பெரும்பாடு அந்த வெளிவேலைக் கணக்குதான்.

2. நூலும் துணியும் கிலோவில் வரும். கட்டிங் டேபிளைத் தாண்டினால் பீஸ். கணக்கு உதைப்பது அங்கேதான். கட்டிங் வேஸ்டையும் எடை போட்டு ஏற்றினால்தான் கிலோ நேராகும். சாயத்துக்கு 1,000 கிலோ போய் 960 கிலோ திரும்பினால், மீதி 40 கிலோ எங்கே? பிராசஸ் லாஸா, பட்டறையிலேயே கிடக்கும் ரோலா, எடையில் வந்த பிழையா? மூன்றுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா நிறத்துக்கும் 10 சதவீத லாஸ் போட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி காணாமல் போனாலும் அவர்கள் சிஸ்டத்தில் தெரியாது. நிறத்தையும் வாஷையும் சொல்லி, டையிங் மாஸ்டரிடம் கேட்டு அளவு வையுங்கள்.

3. டிசி (டெலிவரி சலான்) போடுகிறவரை மதியுங்கள். ராத்திரி வாசலில் டெம்போ நிற்கும்போது இருபது கட்டம் நிரப்பச் சொன்னால், துண்டுச் சீட்டில் எழுதிச் சரக்கை அனுப்பிவிடுவார். பார்ட்டி, லாட், ரோல், கிலோ கேளுங்கள். மற்றதை ஆர்டரிலிருந்து சிஸ்டம் எடுக்கட்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் டிசி இன்னும் முக்கியம். ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஓராண்டுக்குள் திரும்பாமலும், அங்கிருந்தே விற்பனைக்குப் போகாமலும் இருந்தால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கொண்டு வரி கேட்பார்கள். பத்தாவது மாதமே திரையில் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

4. வெள்ளி, சனியில் சம்பளப் பகுதியைத் தொடாதீர்கள். வாரச் சம்பளத்தை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், மேலே 4 மணி நேரம் நின்றால் ஒன்றரை. சம்பளச் சீட்டிலும் ஷிப்ட் என்றே அச்சாகட்டும், தமிழில். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். தன் கூலியைத் தானே சரிபார்க்க முடிவது தொழிலாளியின் உரிமை.

5. துணி போகும் வழியை சிஸ்டத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி சாயத்துக்கு வெளியூர்களுக்குப் போனது.

6. பேக்கப் எடுத்தால் போதாது. மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள்.

7. முதலாளியே சொன்னாலும் பழைய பதிவை அழிக்காதீர்கள். திருத்தப் பதிவு போடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடத்தை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். நம் ஊரில் பல கம்பெனிகள் பங்குதாரர் நிறுவனங்கள். அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கேயும் அந்தத் தடப் பதிவை ஆன் செய்தே வையுங்கள்.